ஆன்-இயர் வயர்லெஸ் ஹெட்போன்: வாங்கிய முதல் வாரத்தில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு ஆன்-இயர் ஹெட்போனை முடிவு செய்யாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் எல்லாமே நன்றாகத்தான் தோன்றும். காது வலிக்கத் தொடங்க அரை மணி நேரமாவது ஆகும். மீட்டிங்கில் உங்கள் குரல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது அடுத்த வேலை நாளில்தான் தெரியும். பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்று அறிய ஒரு வாரம் வேண்டும். திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று இங்கே சொல்கிறேன். கருவி எதுவும் தேவையில்லை. ஒரு போன், நன்கு பழகிய சில பாட்டுகள், உதவிக்கு வீட்டில் ஒருவர், இவ்வளவு போதும்.

ஆன்-இயர் என்பது காதைச் சுற்றி மூடாமல், காது மடலின் மேலேயே மெத்தை அமரும் வகை. சோனி டபிள்யூஹெச்-சிஹெச்520, ஜேபிஎல் டியூன் 520பிடி, மார்ஷல் மேஜர் 5, பீட்ஸ் சோலோ 4 எல்லாம் இதில் சேரும். காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன்கள் பல 250 கிராமை ஒட்டி இருக்கும்போது, இந்தச் சோனி 147 கிராம்தான். பையில் இடம் அடைக்காது, காதைச் சுற்றி அவ்வளவு புழுங்காது, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் மெத்தை காது மடலையே அழுத்துகிறது. ஆளுக்கு ஆள் மடலின் வடிவம் வேறு. அதனால் ஒருவருக்கு அருமையாக இருக்கும் ஹெட்போன் இன்னொருவருக்கு வலியும், பேஸ் (தாழ்ந்த, கனத்த ஒலி) இல்லாத சத்தமுமாக இருக்கலாம். இந்த வகையில் காதில் எப்படி அமர்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஒலித்தரமே அந்த அமர்வைப் பொறுத்ததுதான் என்பதால் அந்தக் கேள்வி இரண்டாவதாகவே வர வேண்டும்.

வாங்கும் முன்: பெட்டியில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

"20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்று பெட்டியில் போட்டிருக்கும். அது மனிதக் காது கேட்கும் எல்லை, அவ்வளவுதான். அந்த எல்லைக்குள் எந்தப் பகுதி எத்தனை டெசிபெல் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணால் பயனில்லை. உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கரான டிரைவர் 30 மில்லிமீட்டரா 40 மில்லிமீட்டரா என்பதும் அப்படித்தான். பெரிய டிரைவர் மோசமாகவும் ஒலிக்கும், சிறியது அழகாகவும் ஒலிக்கும். புளூடூத் 5.0, 5.2, 5.3 என்ற பதிப்பு எண்ணுக்கும் பாட்டின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

பார்க்க வேண்டியவை வேறு. எடை எவ்வளவு? மடித்து வைக்கலாமா? ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணையும் மல்டிபாயிண்ட் வசதி உண்டா? வயரிலும் கேட்க முடியுமா? மேலே சொன்ன சோனியில் 3.5 மி.மீ. ஜாக் கிடையாது. மேஜர் 5-லும் சோலோ 4-லும் உண்டு. சோலோ 4-ல் யூஎஸ்பி-சி கேபிள் வழியாகவும் கேட்கலாம். புளூடூத் இல்லாத பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால் இந்த ஒரு விஷயமே முடிவைத் தீர்மானித்துவிடும்.

இந்தியாவில் வாங்குகிறவர்கள் பெட்டியிலோ ஹெட்போனிலோ பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வயர்லெஸ் ஹெட்போன்களுக்கு அந்தப் பதிவு கட்டாயம். பிஐஎஸ் கேர் என்ற அரசு ஆப்பில் எண்ணைப் போட்டால் அது உண்மையானதா என்று தெரிந்துவிடும். அப்புறம், திருப்பிக் கொடுக்கும் விதியை வாங்கும் முன்பே படியுங்கள். பல இடங்களில் பழுதானால் மாற்றுப் பொருள் மட்டும்தான் தருவார்கள், "எனக்குப் பிடிக்கவில்லை" என்றால் பணம் வராது. ஆன்-இயருக்குப் பணம் திரும்பத் தரும் இடமாகத் தேடி வாங்குவது நல்லது, கொஞ்சம் கூடுதல் விலையானாலும் சரி.

முதல் நாள்: தயார் செய்வது

முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். போனோடு இணைத்து, நிறுவனத்தின் ஆப்பில் ஃபர்ம்வேர் (ஹெட்போனுக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், சரவுண்ட் என்று ஒலியை மாற்றும் அமைப்புகள் ஆப்பில், போனில், பாட்டு ஆப்பில் என்று மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். மூன்றையும் அணைத்துவிடுங்கள். போனின் அணுகல்தன்மை அமைப்பில் இடது-வலது சமநிலைக்கு ஒரு கோடு இருக்கும், அது சரியாக நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பெட்டி, பில், பிளாஸ்டிக் உறை எதையும் இப்போது தூக்கிப் போட வேண்டாம்.

காதில் அமர்வது: ஒரு மணி நேரச் சோதனை

தலைப்பட்டையை இருபுறமும் ஒரே அளவுக்கு நீட்டி, மெத்தையின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேரே வரும்படி மாட்டுங்கள். பாட்டே வேண்டாம். மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைப் பாருங்கள். எங்கே முதலில் உறுத்துகிறது என்று கவனியுங்கள். உச்சந்தலையில் என்றால் பட்டையின் மெத்தை போதவில்லை. காது மடலின் மேல் விளிம்பில் என்றால் பிடி அதிகம், அல்லது மெத்தை பதித்த கிண்ணம் உங்கள் காதின் சாய்வுக்கு ஏற்பத் திரும்பவில்லை.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும். கண்ணாடியின் காலுக்கும் தலைக்கும் நடுவே மடல் சிக்கிக்கொள்வதுதான் ஆன்-இயர் தரும் வலிகளில் மோசமானது. மெல்லிய உலோகக் கால் உள்ள கண்ணாடி தடித்த பிளாஸ்டிக் காலைவிடத் தேவலாம். தோடு, ஜிமிக்கி அணிபவர்களும் அதைக் கழற்றாமலே பாருங்கள். மெத்தை மடலை அழுத்தும்போது பின்பக்கத் திருகாணி காதுக்குப் பின்னால் குத்தும். கம்மல் மெத்தைக்குக் கீழே தப்பிவிட்டாலும், மேல் காதில் குத்தியிருப்பவர்களுக்குத் தப்பாது. தினமும் மாட்டல் போடுகிறவர் என்றால் அதோடும் மாட்டிப் பாருங்கள்.

குனிந்து செருப்பு மாட்டுங்கள், தலையை இடவலமாக ஆட்டுங்கள். நழுவுகிறதா? நழுவாமலும் வலிக்காமலும் இருக்கிற பிடிதான் வேண்டும். புதிதில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் அது வந்த பெட்டியின் மேலேயே விரித்து மாட்டி இரவு முழுக்க வைக்கலாம், சில நாளில் சற்றுத் தளரும். கையால் ஒரேயடியாக வளைத்தால் பிளாஸ்டிக் பட்டை விரிசல் விட்டுவிடும், அது வாரண்டியிலும் வராது.

வெயில் காலமாக இருந்தால் மின்விசிறி இல்லாத இடத்தில் அரை மணி நேரம் அணிந்து பாருங்கள். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையை உறிஞ்சாது. மெத்தையைத் துடைத்தால் போதுமா, தோல் எரிகிறதா என்பது அப்போது தெரியும்.

அடைப்புச் சோதனை: இதைத் தவற விடாதீர்கள்

பேஸ் என்பது காதுக்கும் டிரைவருக்கும் இடையில் காற்று எவ்வளவு நன்றாக அடைபட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிறு இடைவெளி இருந்தாலே தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கரைந்துவிடும். காதைச் சுற்றி மூடும் ஹெட்போன் தலையின் மேல் அமர்கிறது, அதற்கு ஓரளவு தட்டையான இடம் கிடைக்கிறது. ஆன்-இயருக்குக் கிடைப்பதோ மேடும் பள்ளமுமான காது மடல்.

மிருதங்கமோ பேஸ் கிடாரோ தெளிவாகக் கேட்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெதுவாக, லேசாக அழுத்துங்கள். சத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றால் அடைப்பு நன்றாக இருக்கிறது. பேஸ் சட்டென்று பொங்கி எழுந்தால், நீங்கள் இதுவரை கேட்டது அந்த ஹெட்போனின் உண்மையான ஒலியே இல்லை. கையை எடுத்துவிட்டு, கிண்ணத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள், பிறகு கீழே, பிறகு பின்னால். மெத்தையின் அடியில் முடி சிக்கியிருந்தால் ஒதுக்குங்கள். சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே ஒலி மாறுவதை நீங்களே கேட்பீர்கள். நன்றாக ஒலிக்கும் இடம் கிடைத்ததும் கண்ணாடி முன் நின்று அந்த நிலையைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிவிட்டு மூன்று நான்கு முறை மறுபடி மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடம் சுலபமாகக் கிடைக்கிறதா? தேடித் தேடித்தான் கிடைக்கிறது என்றால் இந்த ஹெட்போன் உங்கள் காதுக்கானதல்ல.

ஒரே மாடலை ஒருவர் "பேஸ் அதிகம்" என்றும் மற்றவர் "பேஸே இல்லை" என்றும் எழுதுவதற்குப் பெரிய காரணம் இதுதான். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

ஒலி

ஒப்பிட ஏற்கெனவே பழகிய ஒரு இயர்போனை வைத்துக்கொள்ளுங்கள், பழைய வயர் இயர்போனே போதும். இரண்டிலும் சத்த அளவைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒலி கூடும்போது பேஸும் உயர்ந்த ஒலிகளும் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே இது பதிவாகியிருக்கிறது. கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதை "நன்றாக இருக்கிறது" என்று நம்பிவிடுவது எல்லோருக்கும் நேர்வது. ஒரு பேச்சுப் பதிவைப் போட்டு, இரண்டிலும் பேசுபவரின் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வைத்துக்கொண்டால் ஓரளவு சரியாக இருக்கும்.

இப்போது பாட்டுகள். புதிய பாட்டு வேண்டாம், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுதான் வேண்டும்.

மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். இடப்பக்கத் தோலான தொப்பியின் அடி ஆழமாக விழுந்து, அடங்கி, பிறகுதான் அடுத்த அடி வர வேண்டும். அடிகள் ஒன்றோடொன்று குழைந்து ஒரே முழக்கமாகக் கேட்டால் பேஸை மிகையாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். இடக்கையால் தொப்பியை அழுத்தி எழுப்பும் கும்கியில் தொனி ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்டால் தாழ்ந்த பகுதி நன்றாக அமைந்திருக்கிறது. வலப்பக்கத் தோலான வலந்தலையின் நாதம் அதே நேரத்தில் மணிபோல் தனியாகக் கேட்க வேண்டும், தொப்பிக்குள் அமுங்கிவிடக் கூடாது.

நாகஸ்வரமும் தவிலும் நடுப்பகுதிக்கு, அதாவது பேஸுக்கும் உயர்ந்த ஒலிகளுக்கும் இடைப்பட்ட ஒலிகளுக்கு, நல்ல சோதனை. நேரில் கேட்டாலே காட்டமான வாத்தியம் அது. இரண்டு மூன்று கீர்த்தனைகள் முழுசாகக் கேட்ட பிறகும் காது களைக்கவில்லை என்றால் நடுப்பகுதியில் தேவையில்லாத மேடு இல்லை என்று நம்பலாம்.

பெண் குரல் ஒன்று, ஆண் குரல் ஒன்று, அதிக வாத்தியம் இல்லாமல் கேளுங்கள். ச, ஸ, ஷ வரும் இடங்களில் "ஸ்ஸ்" என்று ஊசிபோல் குத்துகிறதா? குத்தினால் நீண்ட நேரம் கேட்க முடியாது. குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருந்தால் பேஸ் நடுப்பகுதியை மூடுகிறது என்று பொருள்.

கடைசியாக, மோனோவில் (இரு காதுக்கும் ஒரே ஒலி) பதிவான 1950களின் திரைப்பாடல் ஒன்று. பின்னாளில் ஸ்டீரியோவாக மாற்றிய பதிப்பு வேண்டாம், பழைய பதிவுதான் வேண்டும். மோனோ பாட்டு தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். இடப்பக்கமாக இழுத்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். இழுப்பும் வலப்பக்கம் மாறினால் குறை ஹெட்போனில். மாறாமல் இடப்பக்கமே நின்றால் மாட்டும் விதத்தையோ உங்கள் காதையோ கவனிக்க வேண்டும். ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்திருப்பது இப்படித் தெரியவந்தால் தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

புளூடூத்தில் அனுப்பப் பாட்டைச் சுருக்கும் முறையான கோடெக் பற்றிப் புதியவர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். எஸ்பிசி எல்லா புளூடூத் ஹெட்போனிலும் உண்டு. ஏஏசி பெரும்பாலானவற்றில் உண்டு. ஐபோன் இந்த இரண்டை மட்டும்தான் பயன்படுத்தும். ஆண்ட்ராய்டில் 2017-இல் வந்த 8-ஆம் பதிப்பு முதல் சோனியின் எல்டாக்கும் கிடைக்கிறது, அது வினாடிக்கு 990 கிலோபிட் வரை போகும். உங்கள் ஆண்ட்ராய்டு போன் எதைப் பயன்படுத்துகிறது என்று டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் பார்க்கலாம். என் கருத்தைக் கேட்டால், ஆன்-இயரில் கோடெக்கை மாற்றுவதைவிட மெத்தையைச் சரியாக அமர்த்துவது ஒலியை அதிகம் மாற்றும். கோடெக்குக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஈக்வலைசரைத் திறங்கள். கொஞ்சம் பேஸ் குறைவு, கொஞ்சம் கூர்மை என்பதெல்லாம் அதில் சரியாகிவிடும். அடைப்பு இல்லாததை ஈக்வலைசரால் சரி செய்ய முடியாது.

வெளிச் சத்தம், வெளியே கசியும் சத்தம்

அமைதியான அறையில் உங்களுக்கு வசதியான அளவில் பாட்டை வைத்துவிட்டு, அதே அளவோடு பேருந்தில் ஏறுங்கள். ஆன்-இயர் வெளிச் சத்தத்தை நிறையவே உள்ளே விடும். பாட்டு கேட்க எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கிறது? உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி. தினமும் இரண்டு மணி நேரம் பேருந்தில் போகிறவர், சத்தத்தைக் கிட்டத்தட்ட முழுசாக ஏற்றினால்தான் கேட்கிறது என்றால், இந்த வகையையே விட்டுவிட்டு இரைச்சல் நீக்கும் வசதியுள்ள வேறு ஒன்றைப் பாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துச் சொல்ல மாட்டேன், போன கேட்கும் திறன் திரும்ப வராது.

சாலையில் நடப்பவர்களுக்கு மட்டும் இந்தக் குறை நல்லதாக அமையும். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் கேட்கும்.

கசிவுக்கு, வீட்டில் ஒருவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொல்லி உங்கள் வழக்கமான அளவில் பாட்டு வையுங்கள். அவருக்கு வரிகள் புரிந்தால் நூலகத்துக்கும் அலுவலகத்துக்கும் ஆகாது.

இணைப்பும் தாமதமும்

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இருக்கின்றன. நம் உடம்பும் அந்த அலையை விழுங்கும். போனைப் பேண்ட்டின் இடப்பை, வலப்பை, முதுகுப் பை என்று மாற்றி மாற்றி வைத்து வெளியே நடந்து பாருங்கள். வீட்டில் போனை ஓர் அறையில் விட்டு அடுத்த அறைக்குப் போங்கள். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது நின்று பாருங்கள். எப்போதாவது ஒரு முறை அறுபடுவது இயல்பு. போன் பையில் இருக்கும்போதே அடிக்கடி அறுபட்டால் திருப்பிக் கொடுங்கள்.

வீடியோவில் உதடும் குரலும் பொருந்துகிறதா என்பதை வீடியோ ஆப்களே பெரும்பாலும் சரிசெய்துவிடும். கேம் அப்படிச் செய்யாது. திரையைத் தொட்டவுடன் சத்தம் வரும் ஒரு கேமையோ பியானோ ஆப்பையோ திறந்து தட்டினால் தாமதம் அப்பட்டமாகத் தெரியும். போனில் விளையாடாதவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டாம்.

மல்டிபாயிண்ட் இருந்தால் லேப்டாப்பில் வீடியோ ஓடும்போது போனுக்கு அழைப்பு வரவழைத்துப் பாருங்கள். தானாக மாறுகிறதா, பேசி முடித்ததும் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

மைக்

லேப்டாப்பில் பாட்டு அழகாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மீட்டிங் தொடங்கியதும் எல்லாக் குரலும் பழைய லேண்ட்லைன்போல் ஆகிவிடும். பலர் இதைப் பழுது என்று நினைத்து ஹெட்போனைத் திருப்பி அனுப்புகிறார்கள். இது பழுதல்ல. பாட்டுக்கு புளூடூத்தில் ஒரு வழி, மைக்கோடு பேசுவதற்கு வேறு வழி. இரண்டாவது வழியில் ஒலி வழக்கமாக மோனோவாகிவிடும், வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான் போகும். பாட்டுக்கு அது 44,100. மீட்டிங் ஆப்பின் அமைப்பில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுத்தால் கேட்கும் ஒலி பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இந்தக் குறையைத் தீர்க்க வல்லது, ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் அது இருக்க வேண்டும்.

மைக்கைச் சோதிக்கப் போனின் ரெக்கார்டரை விட ஒரு நண்பரை அழைப்பதே மேல். அமைதியான அறையில் ஒரு நிமிடம், ஓடும் மின்விசிறிக்கு அடியில் ஒரு நிமிடம், தெருவில் ஒரு நிமிடம் பேசுங்கள். நண்பரை அந்தப் பக்கம் அழைப்பைப் பதிவு செய்யச் சொல்லி, பிறகு நீங்களே கேளுங்கள். ஆன்-இயரில் மைக் வாயிலிருந்து தள்ளி, கிண்ணத்தில் இருக்கிறது. மின்விசிறிக் காற்று அதில் நேரே அடித்தால் குரல் விட்டு விட்டுப் போகும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு நிமிடம் மிக முக்கியம்.

பேட்டரியும் ஆயுளும்

சிஹெச்520-க்கும் சோலோ 4-க்கும் 50 மணி, டியூன் 520பிடி-க்கு 57 மணி, மேஜர் 5-க்கு 100 மணிக்கு மேல் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதைச் சரிபார்க்க முழுவதும் தீர்ந்துபோகும்வரை ஓட்ட வேண்டியதில்லை. முழுச் சார்ஜில் தொடங்கி, வழக்கமான சத்தத்தில் பத்து மணி நேரம் கேட்ட பிறகு மீதி சதவீதத்தைப் பாருங்கள். 50 மணி என்று சொன்னதில் 80 சதவீதத்தை ஒட்டி நின்றால் சரி, 60-க்குப் போனால் கேள்வி கேட்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது பாட்டு கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள், சில மாடல்கள் அப்போது அணைந்துவிடும்.

லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வருகிறது. அதுவரை வரும் பல ஹெட்போன்களில் பேட்டரி போனால் ஹெட்போனும் போனது மாதிரிதான்.

அதற்கு முன்பே மெத்தை போய்விடும். செயற்கைத் தோலின் பாலியூரித்தீன் ஈரக் காற்றிலும் வியர்வையிலும் சிதைந்து செதில் செதிலாக உதிரும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். உங்கள் மாடலுக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று இப்போதே தேடிப் பாருங்கள். மெத்தை சாதாரணமாகக் கழன்று வருகிறதா, ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆனால் வைத்துக்கொள்வது என்று முடிவாகும்வரை பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுப்பதா

காலக்கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக முடிவு செய்யுங்கள். ஐந்தாவது நாளும் காது வலித்தால் திருப்பிக் கொடுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அடைப்பு நிலையாகக் கிடைக்கவில்லை, பேருந்தில் சத்தத்தை அபாயகரமாக ஏற்ற வேண்டியிருக்கிறது, போன் பையிலேயே இருந்தும் இணைப்பு அறுபடுகிறது, மோனோ பாட்டு ஒரு பக்கம் இழுக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பலாம். பேஸ் சற்றுக் கூடுதல், மைக் சுமார், ஆப் மந்தம் என்பவற்றோடு வாழ்ந்துவிடலாம்.

திருப்புவதானால் மெத்தையை உலர்ந்த துணியால் துடைத்து, கீறல் இல்லை என்று தெரியும்படி நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து ஹெட்போனை நீக்கி, போன், லேப்டாப் இரண்டின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அழித்து, கையேட்டில் சொன்னபடி ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கேபிளைப் பெட்டியில் போட மறக்காதீர்கள். ஒரு சிறு பொருள் குறைந்தாலும் பணம் தர மறுக்கிறார்கள்.